பாவை விரியும் நேரம்

சொட்டு விழுந்ததும் கண் சுரீரென்று எரிந்தது. எரிச்சல் மூக்கின் பின்வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்ட மருந்து நாக்குக்கு எப்படித் தெரிகிறது என்று துளசிமணி ஒவ்வொரு தடவையும் யோசிப்பாள், ஒவ்வொரு தடவையும் யாரிடமும் கேட்காமல் விட்டுவிடுவாள். உடம்புக்குள் எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டித்தான் கிடக்கிறது போலிருக்கிறது, லைன் வீட்டில் ஒருத்தி குழாயைத் திறந்தால் அடுத்த வீட்டில் தண்ணீர் நூலாக ஒழுகுகிற மாதிரி. "மூடியே வெச்சிருங்கம்மா, நான் வந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பேன்" என்று சுகந்தி சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி எங்கோ ஒரு கதவுக்குள் அடங்கியது. துளசிமணி முதுகைச் சுவரில் சாய்த்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் இந்த மாடியில்தான் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை உட்கார வைப்பார்கள். வீசிங்கும் சர்க்கரையும் இரண்டும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் போகப் போக என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. கண், கிட்னி, இதயம், காலில் ஓடுகிற நரம்பு, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள், ஊதுங்க ஊதுங்க ஊதுங்க என்று கல்யாண வீட்டில் பந்திக்கு அவசரப்படுத்துகிற மாதிரிச் சத்தம் போடுவார்கள், கடைசியாகக் கண்ணுக்குச் சொட்டு விட்டு இந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். கண்ணின் பாவை விரிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் சீக்கிரத்தில் விரியாதாம். அவள் இடது கையை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். பெஞ்சின் பலகை வழவழவென்று வெறுமனே போய்க்கொண்டே இருந்தது. மைமூனக்கா இன்னும் வரவில்லை.

இன்னும் வரவில்லை என்று நினைத்தது பொய் என்று அவளுக்குத் தெரியும். சொட்டு விட்ட பிறகு யாரும் புதிதாக வரமாட்டார்கள். ஒரே நாளில் வரச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒன்றாகத்தான் விடுவார்கள். பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மூச்சில் சீழ்க்கை இருந்தது, ஆனால் அது மைமூனக்காவின் சீழ்க்கை இல்லை. மைமூனக்காவின் நெஞ்சிலிருந்து வருவது இரட்டை ஒலி. மேலே ஒன்று மெல்லிசாக, அதற்கு அடியில் ஒன்று கரகரவென்று, இரண்டு பேர் சேர்ந்து ரகசியம் பேசுகிற மாதிரி. முதல் தடவை அதைக் கேட்டபோது துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு இதே மாதிரிச் சாய்ந்திருந்தாள். பக்கத்திலிருந்து யாரோ அவள் கையைப் பிடித்து, "உனக்கும் கசக்குதா புள்ள?" என்று கேட்டார்கள். கசக்குதுங்க என்றாள். "நான் என்னவோ எனக்கு மட்டும்தான் கண்ணுல நாக்கு இருக்குன்னு நெனச்சேன்" என்று அந்தக் குரல் சிரித்தது, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்குகிறவரை அந்தக் கை இவள் கையை விடவே இல்லை. தடித்த கை, விரல் நுனியெல்லாம் புதினாவும் இஞ்சியும் மணக்கிற கை. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை, இந்தப் பெஞ்சில், இந்தக் கசப்போடு. மற்ற இடங்களிலெல்லாம் ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு அறை, சொட்டு விட்ட பிறகுதான் சந்திப்பார்கள். அதனால் நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, இத்தனை பழகிய ஒருத்தியின் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்தால் வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கறுப்புத் துப்பட்டா, அதற்குள் கோதுமை நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்தில் ஒரு மூக்குத்தி மினுக்கு, அவ்வளவுதான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் எதிரில் வந்தால் தெரியுமா? தெரியாது. இருமினால் தெரியும். உக்கடத்தில் எத்தனை பேர் இருமுகிறார்கள்.

போன் நம்பர் வாங்கியிருக்கலாம். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு முள்ளில் பட்ட துணி மாதிரி மாட்டிக்கொண்டது. வாங்காமல் இல்லை. ஒருமுறை மைமூனக்கா மகனுடைய நம்பரைச் சொன்னாள், துளசிமணி போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள், திரையில் எழுத்துகள் பாலில் விழுந்த எறும்புகள் மாதிரி நீந்தின. ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணு தெளியட்டும் என்றாள் மைமூனக்கா. கண் தெளிகிறதற்குள் அவளைக் கூட்டிப்போக மகன் வந்துவிட்டான், ஒரு பைக் சத்தம், ஒரு சலாம், போய்விட்டாள். அதற்கு அடுத்த தடவையும் அப்படியே. அடுத்த தடவை வாங்கிக்கலாம், அடுத்த தடவை வாங்கிக்கலாம் என்று சொல்வதே ஒரு விளையாட்டாகி, நம்பர் வாங்கிவிட்டால் அந்த விளையாட்டு போய்விடும் என்பது போல இரண்டு பேருமே அதை அப்படியே விட்டு வைத்திருந்தார்களோ என்னவோ. வீடு கரும்புக்கடைப் பக்கம் என்று தெரியும். மருமகள் பேர் தெரியும், மருமகளுக்குப் பிடிக்காத குழம்பு எது என்று தெரியும், மைமூனக்காவின் வீட்டுக்காரர் செத்த அன்று அவர் சட்டைப் பையில் அவளுக்காக வாங்கிய கடலை மிட்டாய் இருந்தது தெரியும். சர்க்கரைக்காரிக்குக் கடலை மிட்டாய் வாங்கிய மனுசன் என்று சொல்லி மைமூனக்கா அழுதாள், அழுதால் வீசிங் வரும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். இவ்வளவும் தெரியும். தெருப் பெயர் தெரியாது. கரும்புக்கடையில் போய் நின்று மைமூன் வீடு எது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

மூடிய இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் அசைந்தது. ஜன்னல் பக்கம் மேகம் விலகியிருக்க வேண்டும். அந்தச் சிவப்பு மெல்ல வெளுத்து, வெளுப்புக்குள் துகள்கள் மிதக்கத் தொடங்கின, அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பஞ்சு. கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த மில்லில், பஞ்சுப் பொதி பிரிக்கிற அறையின் உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் ஒரு பலகை மாதிரிச் சாய்ந்து இறங்கும், அந்தப் பலகையின் மேல் பஞ்சுத் துகள்கள் ஏறுவதா இறங்குவதா என்று தீர்மானிக்காமல் நின்றுகொண்டே இருக்கும். பதினேழு பதினெட்டு வயசுப் பெண்கள், புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, கிழவிகள் மாதிரி ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்பார்கள். அழகாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது, அந்தப் பஞ்சுதான் நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு அது அழகாக இருந்தது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். மைமூனக்காவிடம் சொன்னாள். அதற்கு அவள், "நான் வெறகடுப்புல பிரியாணிக்குத் தம் போடறப்ப வர்ற புகை இருக்கே, அதைக் கண்டா எனக்கு இன்னிக்கும் கும்புடத் தோணும்" என்றாள். மூச்சு முட்டுகிறபோது கொடுத்த வெள்ளை மாத்திரையும் அப்படித்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்து, காற்று அணையிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரி உள்ளே வரும், அந்த நேரத்தில் அந்த மாத்திரையைவிட நல்லது உலகத்தில் ஒன்றும் கிடையாது. அந்த மாத்திரைதான் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது என்று ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்குப் பெரிய டாக்டர் சங்கமித்ரா பொறுமையாகச் சொன்னாள். மூச்சைச் சரிபண்ணப் போனால் சர்க்கரை ஏறுகிறது, ஏறின சர்க்கரை கண்ணிலும் கிட்னியிலும் போய் வேலையைக் காட்டுகிறது, எவ்வளவு மாத்திரைக்கு எவ்வளவு கெடுதல், இன்ஹேலர் மட்டும் ஒழுங்காக எடுத்தால் எவ்வளவு தப்பிக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேரைக் கூப்பிட்டு வருஷக்கணக்கில் பார்க்கிறோம் என்றாள். உங்களுக்கு இதில் உடனே பலன் இருக்கும் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கு அப்புறம் வருகிறவர்களுக்கு இருக்கும், எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். விலகிக்கொள்ளலாம். மைமூனக்கா விலகிக்கொண்டாளா?

அப்படி இருந்தால் நல்லது என்று நினைத்தாள், உடனே கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் விலகுவாளா. சொல்லாமல்தான் விலக முடியும், சொல்வதற்கு என்ன வழி இருக்கிறது. மகன் துபாய்க்குக் கூட்டிப் போயிருக்கலாம், அவன் போவதாகப் பேச்சு இருந்தது. போகமாட்டாள், ஏரோப்ளேனில் ஏறினால் மூச்சு முட்டும் என்று பயம். ஊரில் கல்யாணமாக இருக்கலாம். காலையில் ரத்தம் எடுக்கிற இடத்திலேயே துளசிமணி கேட்டுப் பார்த்தாள், என்கூட வருவாங்களே மைமூனக்கா, இன்னிக்கு வந்துட்டாங்களா சிஸ்டர் என்று. சுகந்தி சிஸ்டர் ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு, இன்னொருத்தரைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது, உங்களைப் பற்றி வேறு யாராவது கேட்டாலும் சொல்லமாட்டோம் என்றாள். கறாராகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு கண நிறுத்தம். துளசிமணி அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி சரியாகப் பிரியாததால் வந்த நிறுத்தமா? வருகிற எல்லாரையும் பற்றி எல்லாரும் கேட்பதால் வந்த அலுப்பா? இல்லை, சொல்ல இருக்கிறது, சொல்லக்கூடாது என்கிற நிறுத்தமா? நல்ல சேதியாக இருந்தால் முகத்தில் தெரிந்திருக்குமே. அப்போது கண் தெளிவாகத்தான் இருந்தது, முகத்தைப் பார்த்திருக்கலாம், ஆனால் இவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப் பற்றி வேறு யாராவது கேட்டாலும். யார் கேட்பார்கள்? மைமூனக்கா கேட்டாளா? எங்கேயோ படுத்துக்கொண்டு, துளசி வந்தாளா என்று கேட்டு, சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார்களா?

போன தடவை மைமூனக்காவின் பாதம் வீங்கியிருந்தது. பார்க்கவில்லை, தொட்டுப் பார்த்தாள். இங்க அமுத்திப் பாரு, குழி விழுதா, மாவு பெசஞ்ச மாதிரி இருக்குதா என்று மைமூனக்காவே இவள் கையை எடுத்துத் தன் கணுக்கால் மேல் வைத்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, துளசிமணிக்கு அது விரல் நுனியில் தெரிந்தது. மூத்திரம் நுரையாகப் போகிறது, டாக்டர் சங்கமித்ரா உப்பைக் குறைக்கச் சொன்னாள், பிரியாணி ஆக்குகிறவளிடம் உப்பைக் குறை என்று சொன்னால் எப்படி என்று சொல்லி மைமூனக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எங்கோ ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. இவள் அதைக் கவனித்தாள், கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி வேறு பேச்சை எடுத்தாள். பாதத்தில் நைலான் நூலால் குத்திப் பார்க்கிற சோதனையைப் பற்றிப் பேசினார்கள். கண்ணை மூடச் சொல்லி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே நூலை ஒவ்வோர் இடமாக வைப்பார்கள், தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். மைமூனக்கா எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனாளாம், கடைசியில் பார்த்தால் சோதனை பண்ணுகிற பிள்ளை நூலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்து, சொட்டு மருந்தெல்லாம் வழிந்து, சுகந்தி சிஸ்டர் வந்து திட்டிவிட்டு மறுபடியும் சொட்டு விட்டாள். இப்போது நினைத்தால் அது சிரிக்கிற விஷயமே இல்லை. கால் இருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை. இருட்டில் நின்றுகொண்டு எல்லாம் தெரிகிறது தெரிகிறது என்று சொல்கிற மாதிரி.

இருட்டு என்ற சொல் வந்ததும் அவள் உடம்பை இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போகக்கூடாது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள், பாழாய்ப்போன நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜை மேல் பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். விரித்த உடனே கண் போய்த் தானாக விழும், குறை எங்கே இருந்தாலும் அது வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இப்போது கூப்பிடுவதில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் வெள்ளைப் பனியன் முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. மிஷினில் எண்ணெய் ஒழுகுகிறது என்று சத்தம் போட்டாள், சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு எங்கே அக்கா புள்ளி என்றான். அவள் மறுபடி பார்த்தாள், புள்ளிகள் இருந்தன, ஆனால் கண்ணை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன. சுவரைப் பார்த்தாள், சுவரிலும் இருந்தன. பனியனை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சில நாள் புள்ளி, சில நாள் சிலந்தி நூல், சில நாள் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத நாட்களில் அது வெறும் அசதி என்று நம்பினாள். வீட்டுக்காரர் சென்னியப்பனிடம் சொல்லவில்லை. கெட்ட மனுசன் இல்லை. கீழே மரத்தடியில் இப்போதும் உட்கார்ந்திருப்பார், ஆஸ்பத்திரி வாசம் ஆகாது, மேலே வரமாட்டார், ஆனால் ஒரு தடவைகூட அவளைத் தனியாக விட்டதில்லை. இறங்கிப் போனதும், என்ன சொன்னாங்க என்பார். நல்லாருக்குதாமுங்க என்பாள். அவர் முகம் அப்படியே தளரும், டீ குடிக்கிறயா என்பார். அந்தத் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நல்லாருக்குது நல்லாருக்குது என்று சொல்லி, அவளுக்கே அது வாயில் ஊறிப்போயிற்று. மகளிடம் சொன்னால் போனிலேயே அழுவாள். சொல்வதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். இந்தப் பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம் என்று இருந்தாள். பயப்படறயா, லூசு, என்று மைமூனக்கா திட்டுவாள். அவளுக்குப் பயந்தவர்களைக் கண்டால் ஆகாது, திட்டித் திட்டியே பயத்தை ஓட்டிவிடுவாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லி வைத்துக்கொண்டு வந்தாள். மைமூனக்கா வரவில்லை.

செத்துப்போயிருப்பாளோ. வந்துவிட்டது, காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது உள்ளே வந்துவிட்டது. செத்துப்போனால் ஆராய்ச்சியில் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆராய்ச்சி நோட்டில் அவள் நம்பர் இருந்த இடம் காலியாக இருக்கும், அதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்வார்கள், அதுவும் பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகப்படும். ஆரம்பத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வருவார், வெற்றிலை போடுகிறவர், எல்லாரையும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அப்புறம் வரவில்லை. அவரைப் பற்றி அப்போது இரண்டு பேரும் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாம். கேட்காததால் அவர் இன்னும் பொள்ளாச்சியில் எங்கோ வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். மைமூனக்காவையும் அப்படி விட்டுவிடலாமா? கேட்காமல் இறங்கிப் போய்விட்டால் அவள் துபாயில் இருக்கலாம், கல்யாணத்தில் இருக்கலாம், கரும்புக்கடையில் அண்டாவுக்கு முன்னால் புகையில் நின்று இருமிக்கொண்டு இருக்கலாம். மூச்சு இறுகியது. நெஞ்சுக்குள் யாரோ துணியைப் பிழிகிற மாதிரி. அவள் இடுப்பிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, உறிஞ்சி, மூச்சை உள்ளேயே நிறுத்தினாள். நிறுத்தி வைத்திருக்கிற அந்தச் சின்ன நேரத்தில் தாழ்வாரத்தின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போலக் கேட்டது. எங்கோ ஒரு வண்டிச் சக்கரம், ஒரு குழந்தையின் அழுகை, பக்கத்து ஆளின் குறட்டை. அதற்குள் அந்த இரட்டைச் சீழ்க்கை இருக்கிறதா என்று காதைத் தீட்டினாள். இல்லை. மூச்சை விட்டாள்.

இமையைத் தூக்கி ஒரு விரல், அதன் பின்னால் டார்ச். நல்லா விரிஞ்சிருச்சு, வாங்க போலாம் என்றாள் சுகந்தி சிஸ்டர். துளசிமணி எழுந்தாள். தாழ்வாரம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஓரம் கரைந்து வெளிச்சக் குளங்களாக நின்றன, மனிதர்கள் அவற்றுக்குள் மூழ்கி அந்தப் பக்கம் ஏறிப் போனார்கள். சிஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஒவ்வொரு குளமாகத் தாண்டினாள். படம் எடுக்கிற அறை மட்டும் இருட்டு. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டி, பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். பச்சை நடுங்கியது. பிறகு ஒரு மின்னல் வெட்டு, உலகமே வெள்ளையாகி, அந்த வெள்ளை மங்கி ரோஜாப்பூ நிறமாகி, அதற்குப் பிறகு ஊதாவாக ஒரு நிலா அவள் பார்த்த இடமெல்லாம் கூடவே வந்தது. இன்னொரு கண்ணுக்கும் ஒரு மின்னல். அந்த நிலாவையும் கூட்டிக்கொண்டு அவள் டாக்டர் சங்கமித்ராவின் அறைக்குள் போனாள்.

டாக்டரின் முகமும் ஒரு வட்டம்தான், கண்ணாடி இருக்கிற இடத்தில் இரண்டு மினுக்கு. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, பாருங்கம்மா, இதுதான் உங்க கண்ணோட உள்பக்கம் என்றாள். ஆரஞ்சு நிறத்தில் பெரிய உருண்டை, சாயங்காலம் மில் சங்கு ஊதுகிற நேரத்துச் சூரியன் மாதிரி. அதன் மேல் ஆறுகள், கிளை ஆறுகள், வாய்க்கால்கள். துளசிமணிக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது, மங்கலாக இருந்ததால் இன்னும் அழகாக இருந்தது. தன் கண்ணைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, தெரியாத ஊரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேனாவின் பின்பக்கத்தால் சில இடங்களைக் காட்டினாள். இந்த இடங்களில் ரத்தம் கசிந்திருக்கிறது. இங்கே புதிதாகச் சின்னக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, அவை நல்லதில்லை, எப்போது வேண்டுமானாலும் உடைந்து ஒழுகும். பார்வையில் புள்ளியோ நூலோ தெரிகிறதா என்று கேட்டாள். துளசிமணி வாயைத் திறந்தாள். நல்லாருக்குதுங்க என்பது வரப் பார்த்தது. அதைத் தடுத்து, தெரியுதுங்க, ஆடியிலிருந்து தெரியுதுங்க என்றாள். டாக்டர் திட்டவில்லை. லேசர் வைத்தால் இப்போதைக்கு நிறுத்திவிடலாம், போனதைக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட முடியாது, இந்த வியாழக்கிழமையே வர வேண்டும் என்றாள். மாத்திரையை நிறுத்தி இன்ஹேலரைக் கூட்டுவதைப் பற்றியும், சர்க்கரையைப் பற்றியும் ஏதோ சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்து, பஞ்சு மாதிரி நின்று, ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் மிதந்தன. ஏதாவது கேட்கணுமா என்று டாக்டர் கேட்டதும்தான் அவளுக்கு முழிப்பு வந்தது.

"மைமூனக்கா இன்னிக்கு வரலீங்க" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். மின்விசிறியின் சத்தம் கேட்டது. அந்த வட்டத்தில் என்ன ஓடுகிறது என்று துளசிமணி உற்றுப் பார்த்தாள், எவ்வளவு உற்றாலும் அது வட்டமாகவே இருந்தது.

"அதை நான் சொல்லக்கூடாதும்மா."

"தெரியுமுங்க. சிஸ்டரும் சொன்னாங்க."

அப்படியானால் எழுந்திருக்க வேண்டியதுதான். துளசிமணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். எழ வரவில்லை. கேட்டாயிற்று, இனிமேல் துபாயும் இல்லை, கல்யாணமும் இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள், வட்டத்திலிருந்து இரண்டு மினுக்கும் போய்விட்டன.

"ஆனா, நீங்க கேட்டீங்கன்னு அவங்ககிட்டச் சொல்றேன்" என்றாள்.

முதலில் அது வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழுந்தது. அவள் தலையைக்கூட ஆட்டினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக உள்ளே இறங்கியது. அவங்ககிட்ட. சொல்றேன். சொல்வதற்கு ஆள் இருக்கிறது. எங்கோ ஒரு கட்டிலில், இந்தக் கட்டடத்திலேயோ வேறெங்கேயோ, ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் பக்கத்திலேயோ எதுவோ, இரண்டு பேர் ரகசியம் பேசுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, காது கேட்கிற நிலையில், ஆள் இருக்கிறது. துளசிமணிக்கு நெஞ்சு விம்மி, அழுகை வருமா வீசிங் வருமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் காத்திருந்தாள். வெளியே ஆள்கள் இருந்தார்கள், கதவை யாரோ ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஆனாலும் காத்திருந்தாள். அவங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா என்று கேட்டாள்.

இருந்தது. ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லி வைத்தது அத்தனையும் இருந்தது. ஆனால் அது கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற பேச்சு, இன்னொரு ஆள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிற பேச்சு இல்லை. எதை எடுத்துக் கொடுப்பது என்று அவள் துழாவினாள்.

"எனக்குக் கண்ணுல லேசர் வைக்கோணும்னு சொல்லுங்க" என்றாள் கடைசியில். "பயமா இருக்குதுன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அதை வாய்விட்டுச் சொன்னோம் என்று தெரிந்தது. அறைக்குள் அது அப்படியே நின்றது. வெட்கமாகக்கூட இல்லை.

"பயமா இருக்குதுன்னு சொல்றேன்" என்றாள் டாக்டர், மனப்பாடம் பண்ணிக்கொள்கிற குழந்தை மாதிரி.

"ரொம்பன்னு சொல்லுங்க. அப்பத்தான் திட்டுவாங்க."

டாக்டர் சிரித்த மாதிரி இருந்தது, தெரியவில்லை. வியாழக்கிழமை வந்துர்றேனுங்க என்று சொல்லிவிட்டு துளசிமணி எழுந்தாள். இந்தத் தடவை எழ வந்தது. கதவுக்கு வெளியே வெளிச்சம் ஒரேயடியாக முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, படிக்கட்டு இருக்கிற பக்கமாக அவள் நடந்தாள். கீழே போனதும் வீட்டுக்காரர் என்ன சொன்னாங்க என்று கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே முதல் படியில் காலை வைத்தாள். படி இருந்தது. அடுத்த படிக்குக் காலைத் துழாவினாள்.